கோவை ஏர்போர்ட்ல ராத்திரி 9 மணிக்கு இறங்கி, காலைல பெருந்துறை முகூர்த்தம்: டவுனுக்குள்ள போகணுமா, நேரா வந்தரலாமா?

பெருந்துறைப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. தை மாசம் எங்க வீட்டுக் கண்ணாலம். டெல்லியில இருந்து ஒறம்பரை வர்றாங்க. பெரியவங்க நாலு பேரு, ஆறு வயசுப் பையன் ஒருத்தன். நாலு பேர்ல ஒருத்தர் எங்க அம்மாயி, 78 வயசு, முட்டி வலி. சமதரையில மெதுவா ஒரு நூறடி நடப்பாங்க, படி ஏற மாட்டாங்க.

டெல்லி டு கோயம்புத்தூர் நேரடி விமானம், இறங்கறது ராத்திரி 9 மணி. மறுநாள் காலைல 6 மணியில இருந்து 7.30க்குள்ள முகூர்த்தம். மண்டபம் பெருந்துறையில. இணைச்சீர்ச் சடங்கு முந்தின ராத்திரியே முடிஞ்சிரும், அதுக்கு அவங்களால வர முடியாதுன்னு தெரியும். முகூர்த்தத்துக்காவது அம்மாயி தெளிவா உக்காந்திருக்கணும், அதுதான் எங்க ஆசை.

கேக்க வேண்டியது இதுதானுங்க:

மாமா காந்திபுரத்துல ரூம் போட்டுட்டு வெடியால 4 மணிக்குக் கிளம்பலாம்ங்கறார். அது சரியா, இல்ல அன்னைக்கு ராத்திரியே பெருந்துறை வந்தரலாமா? டாக்சி எப்படிப் பேசறது, எத்தனை கிலோமீட்டருக்குக் கணக்குப் போடுவாங்க? அம்மாயிக்கு வீல்சேர் எப்படிக் கேக்கறது? அப்புறம் பெங்களூர்ல இருந்து தம்பி ஒருத்தன் ஒரே ஒரு பையோட தனியா வர்றான், பஸ்ஸுல வந்தா போதும்ங்கறான். அவனுக்கு விமானம் லாபமா? கண்ணாலம் முடிஞ்சு மூணாம் நாள் எல்லாரும் ஊட்டி போயிட்டு, அங்கிருந்து நேரா ஏர்போர்ட் திரும்பறாங்க. அதுக்கும் வழி சொன்னீங்கன்னா நல்லாருக்கும்.

---

சூலூர்க்காரர்:

முதல்ல வரைபடத்தை மனசுல வாங்கிக்கோங்க, பாதிக் கேள்வி அதிலயே தீர்ந்துரும். கோவை விமான நிலையம் ஊருக்கு நடுவுல இல்லை. பீளமேட்டுக்குக் கிழக்கே, அவிநாசி ரோட்டுல சித்ரா பக்கம் இருக்கு. அங்கிருந்து மேற்கே போனா காந்திபுரம், ரயில்வே ஜங்ஷன் எல்லாம் சுமார் 10, 11 கிலோமீட்டர். கிழக்கே போனா கோல்ட்வின்ஸ், சின்னியம்பாளையம், நீலாம்பூர், கருமத்தம்பட்டி, அவிநாசி, பெருமாநல்லூர், விஜயமங்கலம், பெருந்துறை. அதாவது உங்க ஊருக்குப் போற சாலையிலயே விமானம் இறங்குது. காந்திபுரத்துல ரூம் போட்டா, பத்து கிலோமீட்டர் எதிர்த் திசையில போய்ப் படுத்துட்டு, காலைல அதே பத்து கிலோமீட்டர் திரும்பி வந்து, ஏர்போர்ட்டைத் தாண்டித்தான் பெருந்துறை போகணும். அதுக்காக அம்மாயியை 3 மணிக்கு எழுப்பணும். வேண்டாம்.

ஏர்போர்ட்ல இருந்து பெருந்துறை சுமார் 70 கிலோமீட்டர், நீலாம்பூர் தாண்டினா அகலமான நெடுஞ்சாலை. ராத்திரியில ஒண்ணேகால் மணி நேரம், கூடப்போனா ஒன்றரை. 9 மணிக்கு இறங்கி, பெட்டி எடுத்து வெளிய வர 9.45 ஆகும். 11.15க்குப் படுக்கையில இருப்பாங்க. வீட்டுல இடம் இல்லைன்னா பெருந்துறையிலயே லாட்ஜ்ல ஒரு ரூம் போட்டு வையுங்க. மண்டபத்து மாடி ரூம்ல படுக்க வைக்காதீங்க, படி ஏற முடியாதுன்னு சொல்றீங்க, சத்தத்துல தூக்கமும் வராது.

டாக்சி விஷயத்துல பல பேர் ஏமாறது ஒரு இடத்துலதான். "ஒன் வே டிராப்" வண்டின்னு பேசினா பெரும்பாலும் குறைந்தபட்சம் 130 கிலோமீட்டர்னு வச்சிருப்பாங்க. உங்க தூரம் 70. ஆனா பில் 130க்குத்தான் வரும். உள்ளூர் கால் டாக்சியோ டிராவல்ஸோ அப் அண்ட் டவுன் கணக்குப் பார்த்தா, போக 70, வர 70, ஆக 140 வரும், ஆனா கிலோமீட்டர் ரேட் குறைவா இருக்கலாம். அதனால "கிலோமீட்டருக்கு எவ்வளவு"ன்னு மட்டும் கேட்டு முடிவு பண்ணாதீங்க. "ஏர்போர்ட் டு பெருந்துறை, டோல், டிரைவர் பேட்டா, ஏர்போர்ட் பார்க்கிங் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு"ன்னு ஒரே தொகையாக் கேட்டு, அதை வாட்ஸாப்புல எழுதி வாங்குங்க. வழியில கணியூர், விஜயமங்கலம்னு ரெண்டு டோல் இருக்கு. 24 மணி நேரத்துக்குள்ள அதே வண்டி திரும்பினா, போக வரக் கட்டணம் ரெண்டு மடங்கா வராது, ஒன்றரை மடங்குதான். அதையும் சேர்த்துத்தான் தொகை சொல்றாங்களான்னு பாருங்க.

பெருந்துறையில தெரிஞ்ச வண்டி இருந்தா அதுதான் இன்னும் நல்லது. காசு ஏறத்தாழ ஒண்ணுதான் ஆகும், ஆனா மண்டபமும் வீடும் தெரிஞ்ச டிரைவரா இருப்பார். தை மாச முகூர்த்த நாள் வேற. அன்னைக்கு வண்டி கிடைக்கறதே சிரமம், பத்திரிகை அடிக்கும்போதே சொல்லி வச்சிருங்க.

வண்டி அளவு: டிரைவரோட ஆறு பேர், டெல்லியில இருந்து கல்யாணத்துக்கு வர்றாங்கன்னா பெட்டி அஞ்சாவது இருக்கும். சாதாரண காரு பத்தாது. எர்டிகா சொன்னீங்கன்னா ஒரு கணக்கு: மூணாவது வரிசை முழுசா விரிச்சிருந்தா பின்னால பெரிய பெட்டி ஒண்ணு வைக்கறதே கஷ்டம். அந்த வரிசை ரெண்டு பாதியா மடங்கும். ஒரு பாதியை மடக்கிப் பெட்டிக்கு விட்டு, இன்னொரு பாதியில பெரியவங்க ஒருத்தர் உக்காரணும். முன்னால ஒருத்தர், நடுவுல பையனோட சேர்த்து மூணு பேர். அம்மாயிக்கு முன் சீட்டுதான் சரி. நடு சீட்டுல முட்டியை மடக்கி ஒன்றரை மணி நேரம் உக்காந்தா இறங்கும்போது கால் விறைச்சுக்கும். மேல கேரியர் வச்ச வண்டியாக் கேட்டா இன்னும் தாராளம். இன்னோவா கிடைச்சா யோசிக்கவே வேண்டாம்.

---

சக்கர நாற்காலி:

வீல்சேர் பத்தி மட்டும் எழுதறேன், ஏன்னா இதுல ஒரு எழுத்து மாறினா ஆள் படியில நிக்க வேண்டி வரும்.

விமான நிறுவனத்துல வீல்சேர் மூணு வகையாப் பதிவு பண்ணுவாங்க. டபிள்யூ.சி.எச்.ஆர்.னா தூரம் நடக்க முடியாது, ஆனா படி ஏறி இறங்குவாங்கன்னு அர்த்தம். டபிள்யூ.சி.எச்.எஸ்.னா படி முடியாது, சமதரையில கொஞ்சம் நடப்பாங்க. டபிள்யூ.சி.எச்.சி.னா சீட்டு வரைக்கும் நாற்காலியிலயே கொண்டு போகணும். டிக்கெட் போடும்போது "வீல்சேர்"னு மட்டும் சொன்னா முதல் வகையைப் போட்டுருவாங்க. உங்க அம்மாயிக்கு வேண்டியது ரெண்டாவது, எஸ்.

இது ஏன் முக்கியம்னா, கோயம்புத்தூர்ல எல்லா விமானமும் ஏரோபிரிட்ஜ்ல வந்து நிக்கும்னு சொல்ல முடியாது. தள்ளி நிறுத்திட்டா படியில இறங்கி பஸ்ஸுல வரணும். எஸ்னு பதிவு இருந்தாத்தான் லிஃப்ட் வச்ச வண்டிக்கோ சாய்தளத்துக்கோ முன்கூட்டியே ஏற்பாடு பண்ணுவாங்க. ஆர்னு இருந்தா கீழ நாற்காலி தயாரா நிக்கும், மேல இருந்து கீழ வர்றது அவங்க பாடு.

விமானம் கிளம்பறதுக்கு 48 மணி நேரம் முன்னால பதிவு பண்ணிருங்க. டிக்கெட்டை எடுத்தவரே நிறுவனத்தோட ஆப்லயோ போன்லயோ பண்ணலாம். கட்டணம் கிடையாது. போறதுக்கும் திரும்பறதுக்கும் தனித்தனியாப் போடணும், ஒண்ணு போட்டா இன்னொண்ணு தானா வராது.

வெளிய வர்ற இடத்துல நடக்கற தப்பு ஒண்ணு இருக்கு. நாற்காலி தள்றவர் பெல்ட்டுல பெட்டி எடுத்ததும் வாசலுக்குக் கொண்டு வந்து விடுவார். அந்த நேரம் வண்டி இன்னும் வந்திருக்காது. அவருக்கு அடுத்த ஆளைக் கூட்டிட்டு வர்ற வேலை இருக்கு, நாற்காலியோட போயிருவார். அம்மாயி பெட்டி மேல உக்காரணும். இதுக்கு வழி எளிது: பெல்ட்டுல கடைசிப் பெட்டி வரும்போதே டிரைவருக்குப் போன் அடிங்க. வண்டி வாசலுக்கு வந்து நின்னதைக் கண்ணால பாத்த பிறகு அம்மாயியை வெளிய கொண்டு வாங்க. அதுவரைக்கும் உள்ள, ஏசி ஹால்லயே நாற்காலியில இருக்கட்டும். தள்றவர்கிட்ட "கார்ல ஏத்தற வரைக்கும் இருங்க தம்பி"ன்னு முன்னாலயே சொல்லி வச்சா இருப்பாங்க.

டிரைவரும் சீக்கிரமே உள்ள வந்து நிக்கக் கூடாது. வண்டி நுழையும்போது டோக்கன்ல நேரம் பதிவாகும், நிக்கற நேரத்துக்குப் பணம். வெளிய அவிநாசி ரோட்டுப் பக்கம் நின்னுட்டு, போன் வந்ததும் உள்ள வந்தா மூணு நாலு நிமிஷத்துல வாசல்ல இருப்பார்.

---

காலை விமானம் வேண்டாம்:

சூலூர்க்காரர் சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். தை மாசம்னா ஜனவரி நடுவுல இருந்து. டெல்லியில அப்போ மூடுபனிக் காலம். விடியக்காலை விமானங்கள்தான் முதல்ல அடி வாங்கும், ஆனா அங்க காலைல ஏற்படற தாமதம் அப்படியே நகர்ந்து சாயங்காலம் கிளம்பற விமானத்தையும் பிடிக்கும். ஒரே விமானம் ஒரு நாளைக்கு நாலஞ்சு ஊர் சுத்துது, முதல் நடை தாமதமானா கடைசி நடை இன்னும் தாமதம். 9 மணின்னு போட்டிருக்கறது 11.30 ஆச்சுன்னா என்ன பண்றதுன்னு இப்பவே முடிவு பண்ணி வையுங்க.

என் யோசனை: முடிஞ்சா முந்தின நாள் டிக்கெட்டா மாத்துங்க. 78 வயசு ஆளை விமானத்துல இருந்து நேரா முகூர்த்தத்துக்குக் கொண்டு போறது எந்த வகையிலயும் நல்லதில்லை. அம்மாயி தெளிவா உக்காந்திருக்கணும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஒரு ராத்திரி நல்லாத் தூங்கினாத்தான் அது நடக்கும். மாத்த முடியலைன்னா, டாக்சிக்காரர்கிட்ட நேரம் மட்டும் சொல்லாம விமான எண்ணையும் கொடுங்க. அவரே நேரலையில பாத்துக்குவார். தாமதமானா காத்திருப்புக் கட்டணம் உண்டா இல்லையான்னு அதையும் அந்த வாட்ஸாப்புல எழுதி வாங்குங்க.

11.30க்கு மேல இறங்கற மாதிரி ஆச்சுன்னா மட்டும் சூலூர்க்காரர் சொன்னதுக்கு மாறாச் சொல்வேன்: ஏர்போர்ட் பக்கத்துலயே, ஹோப் காலேஜ் முதல் சின்னியம்பாளையம் வரைக்கும் அவிநாசி ரோட்டுல நிறைய தங்குமிடம் இருக்கு, ஒண்ணுல படுக்க வச்சுட்டு 4 மணிக்குக் கிளம்பலாம். ஆனா காந்திபுரம் அப்பவும் வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கு, நேரடி விமானம் கிடைக்காம சென்னை வழியா வர்றவங்களுக்கு. சென்னையில இறங்கி அடுத்த விமானத்துக்கு மூணு நாலு மணி நேரம் காத்திருக்கறதை விட, விமான நிலையத்துல இருந்தே மெட்ரோவுல சென்ட்ரல் வந்து, மதியம் கிளம்பற கோவை வந்தே பாரத்தைப் பிடிச்சா சேலம், அடுத்து ஈரோடு. ஈரோட்டுல இருந்து பெருந்துறை 20 கிலோமீட்டர்தான். அந்த ரயில் வாரத்துல ஒரு நாள் ஓடாது, தேதி பாத்துப் போடுங்க. முட்டி வலி இருக்கறவங்களுக்கு இந்த வழி வேண்டாம், மத்தவங்களுக்குச் சொல்றேன்.

---

நடத்துநர் 44:

பெங்களூர்த் தம்பிக்கு விமானத்துல லாபம் இல்லை. பறக்கறது ஒரு மணி நேரம்தான். ஆனா பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில இருக்கு, ஊர் நடுவுல இருந்து 35 கிலோமீட்டருக்கு மேல. அங்க போறதுக்கு ஒன்றரை, ரெண்டு மணி நேரம், முன்னாலயே போய் நிக்க ஒன்றரை மணி நேரம், இங்க இறங்கி பெருந்துறை வர ரெண்டு மணி நேரம். கூட்டினா ஆறு, ஏழு மணி நேரம். பெங்களூர் கன்டோன்மென்ட்ல இருந்து கோவை வர்ற வந்தே பாரத் ஓசூர், தர்மபுரி, சேலம், ஈரோடு, திருப்பூர்ல நிக்குது. ஈரோட்டுல இறங்கி பஸ் ஸ்டாண்ட் வந்தா பெருந்துறைக்கு வண்டி அடுத்தடுத்து இருக்கு. இல்லைன்னா சேலம் வந்து கோவை பஸ் ஏறினாலும் சரி.

சேலம் விமான நிலையத்தையும் சில பேர் கேப்பாங்க. 2023 அக்டோபர்ல இருந்து அங்க மறுபடியும் விமானம் ஓடுது. ஆனா அது ஓமலூர் பக்கம் காமலாபுரத்துல இருக்கு, சின்ன விமானம்தான் வரும், அங்கிருந்து ஈரோடு பக்கம் வர பஸ் மாறணும். ராசிபுரம், சங்ககிரி, எடப்பாடிக்காரங்களுக்குச் சரி. பெருந்துறைக்குக் கோவையே கிட்ட.

அப்படியும் தம்பி கோவைக்கே விமானத்துல வந்தா, பஸ் பிடிக்கற முறை இது. டெர்மினல்ல இருந்து வெளிய வந்து அவிநாசி ரோடு வரைக்கும் நடக்கணும். ஒரு பைதான்னா கால் மணி நேரம், மிஞ்சினா இருபது நிமிஷம். ஆட்டோ வச்சா உடனே. சித்ரா ஸ்டாப்புல டவுன் பஸ் எல்லாம் நிக்கும். ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்கறோம்னு பாத்துக்கணும். மேற்குப் பக்கம் போறது காந்திபுரம், உக்கடம் வண்டி. பெருந்துறைக்கு எதிர்ப் பக்கம்.

இப்போ இதுல ஒரு புது விஷயம் சேர்ந்திருக்கு. 2025 அக்டோபர் 9ல இருந்து அவிநாசி ரோடு மேம்பாலம் திறந்திருக்கு, ஜி.டி. நாயுடு பேரு வச்சது. உப்பிலிபாளையத்துல ஏறினா கோல்ட்வின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர். காந்திபுரத்துல கிளம்பற வெளியூர் வண்டி மேல ஏறி வந்துட்டா, சித்ரா ஸ்டாப்புல கீழ நிக்கறவனுக்கு அந்த வண்டி தலைக்கு மேலதான் போகும். ராத்திரி நேரத்துல சித்ராவில நின்னு ஈரோட்டு வண்டியை எதிர்பாக்கறதை விட, டவுன் பஸ்லயோ ஆட்டோவுலயோ அஞ்சாறு கிலோமீட்டர் கிழக்கே நீலாம்பூர் போயிருங்க. மேல வந்ததும் கீழ வந்ததும் அங்க ஒண்ணாச் சேர்ந்துதான் போகணும்.

ஏறும்போது நடத்துநர்கிட்ட கேக்க வேண்டியது "பெருந்துறை போகுமா" இல்லை. அதுக்கு ஆமாம்னுதான் சொல்வார். "பெருந்துறை ஊருக்குள்ள போகுமா, பைபாஸா"ன்னு கேளுங்க. ஈரோடு போர்டு போட்ட வண்டி அவிநாசி, பெருந்துறை ஊருக்குள்ள வந்து போகும். சேலம் போர்டு போட்ட வண்டி பெரும்பாலும் பைபாஸ்ல அப்படியே போயிரும், கேட்டா பாலத்துக்கிட்ட இறக்கி விடுவாங்க. பகல்ல பரவாயில்லை. ராத்திரி 12 மணிக்கு அங்க இறங்கினா ஆட்டோ இருக்காது. ஈரோடு, சேலம் வண்டி ராத்திரி முழுக்க இருக்கு, ஒண்ணை விட்டா அடுத்தது வரும், அவசரப்பட்டுத் தப்பு வண்டியில ஏற வேண்டாம்.

டவுனுக்குள்ள போக வேண்டிய மத்தவங்களுக்கும் ஒரு வரி: கோயம்புத்தூர்ல ஒரே பஸ் ஸ்டாண்ட் கிடையாது. பொள்ளாச்சி, பழனி, பாலக்காடுன்னா உக்கடம். திருச்சி, மதுரை, கரூர்னா சிங்காநல்லூர். மேட்டுப்பாளையம், ஊட்டின்னா மேட்டுப்பாளையம் ரோடு புது பஸ் ஸ்டாண்ட். ஈரோடு, சேலம், சத்தி, திருப்பூர்னா காந்திபுரம். திருச்சி போறவர் ஏர்போர்ட்ல இருந்து காந்திபுரம் போயிட்டு, அங்கிருந்து சிங்காநல்லூர் வர்றது வீண். ஹோப் காலேஜ்ல இருந்தே காமராஜர் ரோடு வழியா சிங்காநல்லூர் கிட்டத்துல இருக்கு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்குக் காசு இல்லை, ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல டவுன் பஸ்ஸை நம்ப வேண்டாம்.

---

பெருந்துறைப் பொண்ணு:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மாமாகிட்டப் படிச்சுக் காட்டினேன், காந்திபுரம் ரூமை விட்டாச்சு. முந்தின நாளைக்கு டிக்கெட் மாத்தறதுக்கும் பேசிட்டிருக்கோம். வீல்சேர் ஆர்னு பதிவாகியிருந்தது, எஸ்ஸுக்கு மாத்தியாச்சு, அது தெரியாமலே போயிருக்கும். ஊட்டி வழியும், திரும்பும்போது தாம்பூலப் பை, மஞ்சள், தேங்காயெல்லாம் கொண்டு போக முடியுமான்னும் சொல்லுங்க. சம்பந்தி வீட்டுல பை நிறையக் கொடுப்பாங்க.

---

கல்லாறு:

பெருந்துறையில இருந்து ஊட்டின்னா கோயம்புத்தூரையே மறந்துருங்க. அவிநாசி வந்து வலது பக்கம் அன்னூர் ரோடு பிடிச்சா மேட்டுப்பாளையம். அவிநாசியில இருந்து சுமார் 38 கிலோமீட்டர். டவுன் நெரிசல், துடியலூர் சிக்னல் எதுவும் இல்லை.

வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம். 2024 மே 7ல இருந்து நீலகிரிக்குள்ள நுழையற வெளி மாவட்ட வண்டி எல்லாத்துக்கும் உண்டு. டி.என். 43 பதிவு வண்டிக்கும் அரசு பஸ்ல போறவங்களுக்கும் வேண்டாம். தமிழ்நாடு அரசோட இ-பாஸ் தளத்துல வண்டி எண், ஆட்களோட எண்ணிக்கை, போற நாள், வர்ற நாள், தங்கற இடம் கொடுத்தா வந்துரும், காசு இல்லை. நடக்கற தப்பு: டிராவல்ஸ்ல கடைசி நேரத்துல வண்டியை மாத்திருவாங்க, பாஸ்ல பழைய எண் இருக்கும். கல்லாறு சோதனைச் சாவடியில ஓரம் கட்டி, அங்க நின்னு புதுசா எடுக்கணும். அதனால முந்தின நாள் ராத்திரி எந்த வண்டி வருதுன்னு உறுதியான பிறகு எடுங்க. 2025 கோடையில மாதிரி வார நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வண்டின்னு உச்சவரம்பு வச்சா மட்டும் முன்னாலயே எடுத்தாகணும். தை மாசத்துல அந்த நெருக்கடி இருக்காது. பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலைச் சோதனைச் சாவடியிலயே வாங்கிக்குவாங்க, எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கோங்க.

கல்லாறு தாண்டி குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு. பையனுக்கு வயிறு நிறைய இட்லி கொடுத்துட்டு மலை ஏத்தாதீங்க, மேட்டுப்பாளையத்துலயே அரை வயிறு சாப்பிட்டு, மேல போய் மீதி சாப்பிடலாம்.

மலை ரயில் ஆசை வந்தா: மேட்டுப்பாளையத்துல காலை 7.10க்குக் கிளம்பி, 46 கிலோமீட்டரை ஏறி முடிக்க மத்தியானம் ஆகும். டிக்கெட் ரொம்ப முன்னாலயே தீர்ந்துரும். அம்மாயியை அஞ்சு மணி நேரம் அந்தப் பலகை சீட்டுல உக்கார வைக்க வேண்டாம். கார்ல குன்னூர் வரைக்கும் போயிட்டு, குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு மட்டும் ரயில்ல போங்க, ஒரு மணி நேரச் சொச்சம். பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும்தான், அதைப் பாக்க முடியாது, ஆனா பையனுக்கு ரயில் ஆசை தீரும். பெட்டியோட படி உயரம், அம்மாயி கார்லயே வந்து ஊட்டி ஸ்டேஷன்ல இவங்களைக் கூட்டிக்கலாம்.

திரும்பி ஏர்போர்ட்டுக்கு வரும்போது நேரக் கணக்கை நல்லாப் போடுங்க. ஊட்டியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்க ரெண்டு மணி நேரம். அங்கிருந்து ஏர்போர்ட் ஒன்றேகால் மணி நேரம். கோவை டவுனுக்குள்ள நுழையாம, துடியலூர்ல திரும்பி சரவணம்பட்டி, காளப்பட்டி வழியா வந்தா நேரா சித்ராவுலயே வந்து சேரும். மத்தியானம் 3 மணி விமானம்னா ஊட்டியில காலை 9 மணிக்கு மேல இருக்காதீங்க. மலையில ஒரு லாரி நின்னா அரை மணி நேரம் போயிரும். காலை விமானம்னா முந்தின நாளே கீழ இறங்கி அவிநாசி ரோட்டுல தங்குங்க, வேற வழி இல்லை.

---

பெட்டி எடை:

தாம்பூலப் பைதான் கோவை ஏர்போர்ட்ல முகூர்த்த நாளுக்கு மறுநாள் ஸ்கேனர்கிட்டக் குவியற பொருள். காரணம் தேங்காய்.

முழுத் தேங்காயைக் கைப்பையில விட மாட்டாங்க. பெட்டியில போடலாமாங்கறது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட் எடுத்த நிறுவனத்தோட தடைப் பட்டியலைப் பாருங்க. கொப்பரை ரெண்டுலயும் கூடாது. எண்ணெய்ச் சத்து நிறைய இருக்கறதால தானாவே சூடேறித் தீப்பிடிக்கற வகைன்னு வச்சிருக்காங்க. பெட்டிக்குள்ள தெரியாம வந்துட்டா உங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வாங்க, அதுல கால் மணி நேரம் போகும். பேசாம தேங்காயை எல்லாம் பெருந்துறை வீட்டுலயே எடுத்து வச்சுட்டு, வெத்தலை பாக்கு, மஞ்சள், ஜாக்கெட் துணியை மட்டும் கொடுத்து விடுங்க. சாமிக்கு உடைச்ச தேங்காயைத் துருவிப் பர்ஃபியாக் கிளறிக் கொடுத்தா எந்தத் தடையும் இல்லை.

ஈரோட்டு மஞ்சள், விரலியா இருந்தாலும் தூளா இருந்தாலும் பெட்டியில போடுங்க. கைப்பையில தூள் பொட்டலம் இருந்தா நிறுத்திச் சோதிப்பாங்க. ஊறுகாய், மிளகாய்த்தூள் கைப்பையில கூடாது, பெட்டியில போகலாம். முறுக்கு, அதிரசம் எதுலயும் போகும், ஆனா முறுக்கு டப்பாவைக் கைப்பையில வச்சாத்தான் முழுசாப் போய்ச் சேரும். பவர் பேங்க் மட்டும் நேர் எதிர்: கைப்பையிலதான் இருக்கணும், பெட்டியில போட்டா திறக்க வைப்பாங்க.

எடை ஒரு ஆளுக்குப் பெட்டியில 15 கிலோ, கையில 7 கிலோன்னு உள்நாட்டு டிக்கெட்டுல வழக்கம். கல்யாணத்துல பட்டுப் புடவையும் பாத்திரமும் சேர்ந்துட்டா தாண்டிரும். ஏர்போர்ட்ல கட்டற கூடுதல் எடைக் கட்டணத்தை விட ஆப்ல முன்னாலயே 5 கிலோ வாங்கினா குறைவு. கவுன்ட்டர் விமானம் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்னால மூடிரும். வீல்சேர் இருக்கு, பெட்டி அஞ்சு இருக்குன்னா ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாலயே வந்துருங்க. பெட்டி இல்லாத பெங்களூர்த் தம்பி மாதிரி ஆளுங்களுக்கு டிஜி யாத்ரா கோவையிலயும் இருக்கு, வீட்டுலயே போன்ல பதிஞ்சு போர்டிங் பாஸ் ஏத்தி வச்சா முகத்தைக் காட்டி உள்ள போகலாம்.

---

சூலூர்க்காரர்:

மேம்பாலம் பத்தி நடத்துநர் எழுதினதுல டாக்சியில போறவங்களுக்கு ஒரு சொச்சம். டவுனுக்குள்ள போறவங்க வண்டியில ஏறும்போதே இறங்கற இடத்தைச் சொல்லிருங்க. மேல ஏறிட்டா நினைச்ச இடத்துல இறங்க முடியாது, சாய்தளம் இருக்கற இடத்துலதான் இறங்கும். ஜங்ஷன், டவுன்ஹால், உக்கடம் போறவங்களுக்கு மேல போறது நல்லது. பீளமேடு, பி.எஸ்.ஜி. ஆஸ்பத்திரி போறவங்களுக்குக் கீழ ரோடுதான் சரி. ஆப்ல புக் பண்ணினா வரைபடம் சில நேரம் மேலயும் கீழயும் குழப்பிக்கும். டிரைவர்கிட்ட வாயாலயும் ஒரு தடவை சொல்லிருங்க.

அம்மாயிக்கு முன் சீட்டுன்னு எழுதியிருந்தேன். சீட்டைப் பின்னால தள்ளி, முட்டிக்குக் கீழ ஒரு சின்னத் தலகாணி வைக்கச் சொல்லுங்க. கருமத்தம்பட்டி தாண்டி எங்காவது டீக்கடை வெளிச்சமாத் தெரிஞ்சா அஞ்சு நிமிஷம் நிறுத்தி, இறங்கிக் காலை நீட்டி நிக்கட்டும்.